அழிச்ச இடத்துல தெரிஞ்ச 54

நாங்க இருக்கிறது பாளையங்கோட்டை. தடுக்கி விழுந்தா ஒரு ஸ்கூல், தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டுன்னு பேரு வேற. இந்த ஊருல இருந்துகிட்டு பையன மூணாங் கிளாஸோட நிறுத்தி வீட்டுலயே படிக்க வைக்கப் போறோம்னு சொன்னா யாரு சும்மா இருப்பாங்க. மாமா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், ஒரு வாரம் எங்கிட்ட முகம் குடுத்தே பேசல. பரீட்சை எப்படி எழுதுவான்னு அவங்க கேட்டது நியாயமான கேள்விதான். என்ஐஓஎஸ்னு மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி இருக்கு, அதுல 14 வயசு ஆயிட்டா பத்தாங் கிளாஸ் பரீட்சை எழுதலாம், அஞ்சு பாடம் போதும், அதுல ஒண்ணு மொழிப்பாடமா இருக்கணும், அதுக்கு முன்னாடியே மூணு, அஞ்சு, எட்டாங் கிளாஸுக்கு சமமா ஏ, பி, சின்னு லெவல் இருக்குன்னு எல்லாத்தையும் எழுதிக் காட்டின பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தாங்க.

ஆனா படிப்புக்காக நாங்க இதுல இறங்கல. வீட்டுல உட்காரும்போதும் வழியில நடக்கும்போதும் பிள்ளைக்கு வசனத்தைச் சொல்லிக் குடுன்னு பைபிள்ல உபாகமம் 6ல இருக்கு, ஸ்கூல், டியூஷன், ஹோம்ஒர்க்னு ஓடுற பிள்ளைகிட்ட எப்போ உட்கார்றது, எப்போ நடக்கிறது, அதுதான் எங்க ஏக்கம்.

முதல்ல கலாத்தியர் 5ல உள்ள ஆவியின் கனி ஒன்பதையும் சார்ட்ல எழுதி, நல்லது செஞ்சா ஒரு ஸ்டார்னு வச்சேன். ரெண்டே வாரத்துல தங்கச்சிக்குத் தண்ணி மோந்து குடுத்துட்டு "அம்மா, தயவுக்கு ஸ்டார் ஒட்டுங்க"ன்னு வந்து நிக்கிறான். அன்னைக்கே அதைக் கழட்டிட்டேன், இதை யாரும் செய்யாதீங்க. காலையில ஜெபம் முடிஞ்சதும் நீதிமொழிகள் தேதிக்கு ஒரு அதிகாரம் வாசிப்போம், மொத்தம் 31 இருக்கிறதால மாசத்துக்கு சரியா வரும், அது இன்னைக்கு வரைக்கும் நிக்குது.

ஒரு நாள் வாய்ப்பாடு டெஸ்ட் வச்சேன். விடைத்தாளை அவன் கையிலயே குடுத்து திருத்திக்கோன்னு சொல்லிட்டு மாவாட்டப் போயிட்டேன். திரும்பி வந்தா எல்லாம் ரைட்டு. 7 x 8க்கு நேரா 56 இருக்கு, ஆனா அந்த இடத்துல பேப்பர் தேஞ்சு பஞ்சு மாதிரி இருந்துச்சு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா அடியில 54ன்னு பென்சில் அழுத்தின தடம். அப்படி மூணு இடம். எனக்கு வந்த கோவத்துல பக்கத்து வீடு வரைக்கும் கேக்கிற மாதிரி கத்திட்டேன், அவன் ஒரு வார்த்தை பேசல.

ராத்திரி டைரி எழுத உட்கார்ந்தேன். இவங்கப்பா வேலை துபாய்ல, தினமும் என்ன படிச்சான்னு டைரி எழுதி சனிக்கிழமை போட்டோ அனுப்பணும், அதுதான் நாங்க பேசி வச்சது. அந்த வாரம் செவ்வாயும் வியாழனும் சயின்ஸ் புத்தகத்தைத் திறக்கவே இல்ல, ஆனா ரெண்டு நாளும் "சயின்ஸ் 40 நிமிஷம்"னு என் கையெழுத்துல இருக்கு. எனக்கு கை ஓடல. அந்த 54தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

காலையில வாசிப்புக்கு முன்னாடி டைரியை அவன்கிட்ட திறந்து காட்டினேன். நானும் பொய் எழுதியிருக்கேன் மக்கா, நேத்து உன்னைக் கத்தினதுக்கும் மன்னிச்சுக்கோன்னு சொல்லி, அவன் பக்கத்துல இருக்கும்போதே அவங்கப்பாவுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "சரி, ஜெபம் பண்ணிக்கிடுவோம்"னாங்க. அதுக்குப் பிறகுதான் பையன் வாயத் திறந்தான்.

"அம்மா, சகேயு நாலு மடங்கு திருப்பிக் குடுத்தான்லா. நான் மூணு கணக்கு மாத்துனேன், அப்போ 12 போடணுமா?"

நான் சொல்லிக் குடுக்கல. ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பிக் குடுக்கிறேன்னு இயேசுகிட்ட சொன்ன வரி வசூலிக்கிறவன்தான் சகேயு, அந்தக் கதை வர்ற லூக்கா 19 வாசிச்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. போடுன்னு சொன்னேன். அவன் 12 கணக்கை எழுதி முடிக்கிற வரைக்கும் நானும் அதே மேஜையில உட்கார்ந்து அந்த ரெண்டு நாளையும் அடிச்சுட்டு உள்ளபடி எழுதினேன். சாயங்காலம் விட்டுப்போன சயின்ஸை எடுத்தோம், விதை முளைக்கிற பாடம்.