மூன்றில் ஒன்று

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் எனக்கு வந்த புராஜெக்ட், 1980இலேயே கிம் நாஸ்மித், ஸ்டீவன் ரீட் என்ற விஞ்ஞானிகள் குளோன் செய்துவிட்ட (தனியாகப் பிரித்தெடுத்துவிட்ட) ஒரு ஜீனை மறுபடியும் பிடிப்பது. பேக்கரி ஈஸ்ட்டின் சிடிசி28; செல் இரண்டாகப் பிரிவதற்குத் தேவையான ஜீன். அதற்கும் முன்பே லீ ஹார்ட்வெல் என்ற விஞ்ஞானி, சூடு ஏறினால் செல் பிரியாமல் நின்றுவிடும் ஈஸ்ட்களைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றில் சிடிசி28 பழுதான ஒன்றுதான் என் கையிலும்.

25 டிகிரியில் சமர்த்தாக வளரும். 37க்குப் போனால் மொட்டு விடாது; பெருத்து, ஒரு பக்கம் நீண்டு, பேரிக்காய் மாதிரி ஆகிவிடும். நல்ல ஈஸ்ட்டின் டிஎன்ஏவைத் துண்டாக்கி, பிளாஸ்மிடில் (ஜீனைச் சுமந்து செல்லும் சின்ன டிஎன்ஏ வளையம்) ஏற்றி, இதற்குள் விட வேண்டும். எந்தத் துண்டில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை. 37இல் எது பிழைக்கிறதோ அதைப் பிடித்தால் போதும். சுமார் 6,000 ஜீன்களில் தேடும் வேலையை ஈஸ்ட்டே செய்துவிடுகிறது. சோம்பேறிகளுக்கு ஏற்ற வழி என்று நினைத்தேன்.

முதல் தடவை தட்டு நிறைய காலனி! துள்ளிக்கொண்டு மேடத்திடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வெறும் பிளாஸ்மிட் போட்ட தட்டு எங்கே?" துண்டு எதுவும் ஏற்றாத அதிலும் தட்டு நிறைய காலனி. அப்படியென்றால் பிழைக்க வைத்தது ஜீன் இல்லை. இன்குபேட்டரின் முகப்பில் 37 என்றுதான் காட்டியது. உள்ளே ஒரு பீக்கரில் தண்ணீர் வைத்து தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 33. ஒரு வாரம் வீண்.

இரண்டாவது தடவை மூன்றே மூன்று காலனி. அப்புறம்தான் உண்மையான சோதனை: எஃப்ஓஏ என்ற வேதிப்பொருள் கலந்த தட்டில் போட்டால் பிளாஸ்மிடைத் தொலைத்த செல் மட்டும் வளரும். அப்படி வளர்ந்ததை மறுபடி 37இல் வைத்தேன். இரண்டு அப்போதும் ஜம்மென்று வளர்ந்தன. பிளாஸ்மிடுக்கும் அவற்றின் பிழைப்புக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவது மட்டும் மறுபடி பேரிக்காயாக நின்றது. அதைப் பிழைக்க வைத்தது பிளாஸ்மிடில் இருந்த துண்டுதான். ஈஸ்ட் வளராததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பின்னாளில்தான் படித்தேன்: 1987இல் மெலனி லீ, பால் நர்ஸ் என்ற விஞ்ஞானிகள் இதே வித்தையில், வேறொரு ஈஸ்ட்டுக்குள் மனித டிஎன்ஏவை விட்டிருக்கிறார்கள். மனித ஜீன் அந்த ஈஸ்ட்டைப் பிழைக்க வைத்துவிட்டது. அவர்களும் முதலில் வெறும் பிளாஸ்மிட் தட்டைத்தான் எட்டிப் பார்த்திருப்பார்கள்.