ஆவாரை விதைக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு?

நாட்டுப் புதர்ச்செடிகளை விதையிலிருந்து வளர்ப்பது எப்படி என்று இணையத்தில் தேடினால், ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் சில வாரம் வையுங்கள் என்றுதான் பல இடங்களில் வருகிறது. அது குளிர்நாட்டுப் பாடம். அமெரிக்காவின் மேற்குப் பக்க மேய்ச்சல் நிலங்களில் பிட்டர்பிரஷ் என்று ஒரு புதர் உண்டு, அதன் விதை 2 முதல் 5 டிகிரி குளிரில் ஈரமாகச் சில வாரங்கள் கிடந்தால்தான் உறக்கம் கலையும், இந்த உறக்கம் இல்லாவிட்டால் பனிக்கு முன்பே முளைத்துச் செத்துப்போகும். கடலூரில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிரை எங்கே போய்த் தேடுவது?

நம் பக்கத்துச் செம்மண்ணில் வளரும் ஆவாரை, விராலி இரண்டுக்கும் சிக்கல் வேறு. விதைத்தோல் தண்ணீரை உள்ளே விடாது. சித்திரை, வைகாசியில் நிழலில்லாத மண் மதியம் கால் வைக்க முடியாமல் கொதித்து இரவில் ஆறும், தினமும் இப்படிச் சூடும் ஆறலும் மாறி மாறி வரும்போது தோலில் பலவீனமான ஓரிடம் திறந்துகொள்ளும், அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே போகும். மர நிழலில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு, அங்கே விழுந்த விதை பேசாமல் கிடக்கும். எல்லா விதையும் ஒரே வருடம் திறக்காது என்பதும் நல்லதுதான், மழை பொய்த்தால் மொத்தமும் அழியாது பாருங்கள்.

வீட்டில் செய்ய, தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கியபின் விதையைப் போட்டு, இரவு முழுக்க ஆறவிட்டால் போதும். அடுப்பில் வைத்தே வேகவைத்தால் சுண்டல்தான். காலையில் உப்பியதை விதைத்துவிடுங்கள், உப்பாததை மறுபடி ஒருமுறை போடலாம். ஆவாரை என்றால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தாலும் சரி.

அப்புறம், பலர் கவனிக்காதது இது: காய்ந்த விதை தாங்கும் சூட்டை நனைந்த விதை தாங்காது. தண்ணீர் குடித்துவிட்டால் உள்ளே உயிர் வேலை தொடங்கிவிடும், அதன்பின் 25, 30 டிகிரி போதும். அதனால் கோடையில் விதைத்த பைகளை மொட்டைமாடி வெயிலில் வைக்காமல் நிழல்வலைக்குக் கீழே வையுங்கள், ஐப்பசி மழைக்குள் நடும் அளவு வந்துவிடும்.

களாக்காய்க்கு மட்டும் இதெல்லாம் கிடையாது. அந்த விதை காயவிட்டால் சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும், பழத்தைத் தின்ற கையோடு சதையைக் கழுவி விதைத்துவிட வேண்டியதுதான்.