கச்சான் காற்றில் ஃபிளை தூண்டில்

ஃபிளை தூண்டிலில் தூரம் போவதற்குப் பாரம் நூலில்தான் இருக்கிறது. நுனியில் கட்டிய மயிர்ப்பொறி, அதாவது இரைபோல மயிர் கட்டிய கொக்கி, ஊதினால் பறக்கும். நூல் முதலில் பின்னால் முழுசாக நீள வேண்டும். அப்போதுதான் தடி வளைந்து அதை முன்னுக்குத் தள்ளும். திருகோணமலைக் காற்று கைவைப்பது சரியாக அந்த இடத்தில்.

மே மாதம் தாண்டினால் கச்சான், தென்மேற்குக் காற்று. உப்புவெளியில் கடலைப் பார்த்து நின்றால் காற்று முதுகில் அடிக்கும். முன்னுக்கு எறிய வசதிதான். ஆனால் பின்னுக்குப் போகும் நூல் காற்றில் முட்டிச் சுருண்டு விழும், கொக்கி காதை உரசிக்கொண்டு வரும். பின்வீச்சைப் பக்கவாட்டில் தாழ்வாக, பலமாக விட்டு, முன்வீச்சை உயரமாக விட்டுப் பார்த்தேன். மிச்ச வேலையைக் காற்றே செய்தது. கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

கிண்ணியாப் பக்கம் வீச்சுவலையோடு நின்ற ஐயா ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, மீன் முன்னால நிக்குது, நீங்க பின்னால ஆருக்கு எறியிறீங்க?"

நான் பழகியது நுவரெலியாப் பக்கத்து ஓடையில், 5ஆம் இலக்கத் தடியில் (இலக்கம் கூடக்கூடத் தடி பலமானது). வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் அங்கே. கொத்தினால் தடியை மெல்ல உயர்த்தினால் போதும். இங்கே கடலில் பாரை மீன் கொத்தும்போது தடியை உயர்த்தினால் பொறி வாயை விட்டு வந்துவிடும். தடியை நீரை நோக்கியே வைத்து, இடது கையால் நூலை வெடுக்கென்று இழுக்க வேண்டும். இழுத்தேன். உள்ளங்கை அளவுப் பாரைதான், ஆனால் விரல் மடிப்பில் நூல் சிவப்பாகக் கோடு போட்டுவிட்டது. இப்போது விரலுக்குத் துணி சுற்றுகிறேன். தடியும் 8ஆம் இலக்கம்.

மலை நூலையும் இங்கே கொண்டுவர வேண்டாம். குளிர்நீருக்குச் செய்தது, நம் வெயிலில் இளகி ஒட்டும், தடியின் வளையத்தில் வழுக்காது. வெப்பநாட்டு நூல் என்று தனியாக விற்கிறார்கள், விலைதான் கொஞ்சம் நோகும். பொறிக்கு ஆட்டு மயிர் போதும். பொறியின் கண் இருக்கும் இடத்தில் கொக்கியின் முதுகுப்பக்கமாக ஈயக்குண்டு கட்டினால் கொக்கி மல்லாந்து போகும், பாசியில் மாட்டாது. வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு தின்றுவிடும்.

ஹோர்ட்டன் சமவெளியில் ஊறும் தண்ணீரும் மகாவலியில் சேர்ந்து கொட்டியாரக்குடாவுக்குத்தான் வருகிறது. ஆற்றின் மொத்த நீளம் 335 கிலோமீட்டர். மாரி தொடங்கி ஆறு கலங்குமுன் அந்தக் கழிமுகத்தில் கொடுவா மீனுக்கு எறிய வேண்டும். முதலை இருப்பதால் இறங்கி நிற்க முடியாது, வள்ளம்தான். வள்ளக்காரர் பின்னால் இருப்பார், என் பின்வீச்சு அவர் தலைக்கு மேலால் போகும். ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் வருவாராம்.