காணிப் பிள்ளைகளின் பேச்சும் பள்ளிக்கூடமும்

குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைக்கு மேலுள்ள, காணிக்காரர் என்னும் மலைப் பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து முதல் வகுப்புக்கு வரும் பிள்ளை, தன் வீட்டுப் பேச்சைப் பாடநூலின் எந்தப் பக்கத்திலும் காண்பதில்லை. தமிழும் மலையாளமும் கலந்த கொச்சை என்று அதை ஒதுக்குவோர் எங்கள் மாவட்டத்தில் உண்டு (நாகர்கோவில் தமிழைக் கேலி செய்வோரிடம் மல்லுக்கு நிற்பவர்களும் இவர்களே). தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு வசதி செய்யச் சொல்லும் 350அ பிரிவு அரசியலமைப்பில் சேர்ந்தது 1956இல். குமரி தமிழகத்தோடு இணைந்ததும் அதே ஆண்டில்தான். தனிப் பாடநூல் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பல் வெட்டிய இரும்புக் குழலைக் கம்பியால் உரசிக் கொக்கரை என்னும் கருவியை இசைக்கத் தெரிந்த காணிப் பெரியவர் ஒருவரை, உரிய மதிப்பூதியம் கொடுத்து, வாரம் ஒரு பாடவேளை வகுப்புக்கு அழைத்தால், மரம், கிழங்கு, தேன் பற்றி அவர் சொல்லும் சொற்களைப் பிள்ளைகள் தமிழ் எழுத்திலேயே குறித்துவைக்கலாம். சடங்குப் பாட்டுகளை மட்டும் காணிக்காரர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டும்.