பதில் வராத அழைப்புகள்

யேமன் நாட்டின் உணவுப் பாதுகாப்புத் தரவுகளைத் தொகுத்து ஆராய்வது என் வேலை. நான் இருப்பது யேமனுக்கு வெளியே. 2015-இல் போர் தீவிரமானதும் பல மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் விசாரிக்க வழியில்லாமல் போய், தொலைபேசிக் கணக்கெடுப்பு அந்த இடத்தைப் பிடித்தது. அரபு பேசும் கணக்கெடுப்பாளர்கள் அழைத்துக் கேட்கிறார்கள். அவர்கள் பதிவு செய்வது எங்களிடம் எண்களாக வந்து சேர்கிறது.

கடந்த 7 நாட்களில் எந்த உணவை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பது முக்கியமான கேள்வி. தானியத்துக்கு 2, பருப்புக்கு 3, பாலுக்கும் இறைச்சிக்கும் 4, காய்கறிக்கும் பழத்துக்கும் 1, எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் 0.5 என்று சத்துக்கேற்ப ஓர் எடை எண் வைத்து, நாட்களால் பெருக்கிக் கூட்டுவோம். வருவதுதான் அந்த வீட்டின் நுகர்வு மதிப்பெண். தினமும் ரொட்டி, கொஞ்சம் எண்ணெய், சர்க்கரை போட்ட தேநீர், வேறு எதுவுமில்லை என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 14, 3.5, 3.5, மொத்தம் 21. வழக்கமான வரம்புப்படி 21 வரை 'மோசம்'. அந்த வாரத்தில் ஒரே ஒரு நாள் காய்கறி சேர்ந்தால் 22 ஆகி, அந்தக் குடும்பம் அடுத்த நிலைக்கு ஏறிவிடும். எண்ணெயும் சர்க்கரையும் அன்றாடம் சேரும் நாடுகளில் 'மோசம்' என்பதன் வரம்பை 28 என்று உயர்த்துவது இதனால்தான். அப்போதும் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று தெரியுமே தவிர, எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று தெரியாது.

அதனால் தரவு அட்டவணையில் நான் முதலில் பார்ப்பது வேறொரு பத்தியை. பிள்ளைகள் சாப்பிடுவதற்காகப் பெரியவர்கள் தங்கள் சாப்பாட்டைக் குறைத்த நாட்கள். உணவு போதாதபோது எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்கும் ஐந்து கேள்விகளில் இதற்குத்தான் அதிக எடை, 3. கடன் வாங்கிச் சாப்பிட்டதற்குக்கூட 2 தான். நுகர்வு மதிப்பெண் அசையாமல் இருக்க, இந்தப் பத்தி மட்டும் ஏறும் மாதங்கள் உண்டு. அப்போதெல்லாம் நான் இதைத்தான் நம்புவேன்.

சரி, பதில் சொன்னவர்கள் கதை இது. கையில் போன், அதில் சார்ஜ், பக்கத்தில் இயங்கும் கோபுரம், இத்தனையும் இருப்பவர்கள்தான் பதில் சொல்ல முடியும். அதிகம் பசித்தவர்களிடம் இவை இருக்க வாய்ப்பு குறைவு. பதில் சொன்னவர்களின் பங்கை மக்கள்தொகைக்கேற்பத் திருத்தலாம் என்றால், யேமனில் கடைசியாகக் குடிக்கணக்கு எடுத்தது 2004-இல். அதற்குப் பிறகு லட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்துவிட்டார்கள். விலைக்கும் தேசிய சராசரி போட முடிவதில்லை. போரில் எதிரெதிர்த் தரப்புகளின் கையில் இருக்கும் சனா, ஏடன் நகரங்களில், நாட்டு நாணயமான ரியாலுக்கு சனாவில் ஒரு மதிப்பு, ஏடனில் வேறு மதிப்பு.

பஞ்சம் என்று அறிவிப்பதற்கான அளவுகோல் இன்னும் கடினமானது. உணவு நெருக்கடியின் தீவிரத்தை நிலைகளாகப் பிரிக்கும் ஐபிசி (IPC) என்ற சர்வதேச வகைப்பாட்டில், ஐந்தில் ஒரு குடும்பமாவது உணவின்றி முற்றிலும் தவிக்க வேண்டும். குழந்தைகளில் 30 சதவீதத்தினர் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும். 10,000 பேரில் நாளொன்றுக்கு 2 பேர் இறக்க வேண்டும். இறப்பைச் சாவு நடந்த பிறகுதானே எண்ண முடியும்? சோமாலியாவில் 2011 ஜூலையில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. பின்னர் வந்த ஆய்வு, இறந்தவர்கள் ஏறத்தாழ 2,58,000 பேர் என்றும், அவர்களில் சுமார் பாதிப்பேர் அறிவிப்புக்கு முன்பே போய்விட்டார்கள் என்றும் சொன்னது. இந்தத் துறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அந்த எண்ணைத்தான். கச்சிதமான ஆதாரத்துக்காகக் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பது நாமல்ல.

தரவு போதாத இடங்களுக்கென்று ஐபிசியிலேயே தனி வழிமுறை இருக்கிறது. கிடைத்த சான்றுகள் ஒரே திசையைக் காட்டினால், முழுக் கணக்கெடுப்பு இல்லாமலும் ஒரு முடிவுக்கு வரலாம். துணிந்து அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. ஒரு மாவட்டத்திலிருந்து பதில்கள் திடீரெனக் குறைந்தால், அதை வெறும் விடுபட்ட தரவாக நான் ஒதுக்குவதில்லை. அங்கே சந்தை திறந்திருக்கிறதா, சாலையில் வண்டிகள் ஓடுகின்றனவா, மருத்துவ மையத்தில் மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள, அதாவது மிகக் கடுமையாக மெலிந்த, குழந்தைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்வேன். மாவட்டவாரியாகப் பதில் வராத அழைப்புகளின் பட்டியல் எங்கள் அறிக்கையின் முன்பக்கத்திலேயே போகிறது. அதைப் பின்னிணைப்புக்குத் தள்ளினால் அறிக்கை சுருக்கமாகும் என்று அவ்வப்போது யோசனை வரும். நான் ஒப்புக்கொள்வதில்லை.