எக்ஸ்பார்ட்டின்னா என்னன்னு அப்பாவுக்கு யாரும் சொல்லல

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சது. ஊர்ல எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காடு இருக்கு, வரப்புத் தகராறுல பக்கத்து காட்டுக்காரங்க முன்சீப் கோர்ட்ல கேஸ் போட்டாங்க. அப்பா வக்கீல் வச்சாரு, வக்காலத்துல கையெழுத்துப் போட்டாரு, ரெண்டு வாய்தாவுக்குப் போனாரு, அதுக்குள்ள அம்மாவுக்கு ஆபரேஷன்னு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சதுல கேஸ் மறந்தே போச்சு, பதிலுரையும் தாக்கல் ஆகல.

ஒருநாள் வக்கீலோட குமாஸ்தா போன் பண்ணி "கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சுங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு. அப்பா காதுல அது "எதிர்பார்ட்டி"ன்னு விழுந்திருக்கு. எதிர்பார்ட்டி வரல போல, கேஸ் முடிஞ்சுதுன்னு அம்மாகிட்ட சொல்லி நிம்மதியா இருந்துட்டாரு. நாலு மாசம் கழிச்சு, கோர்ட் உத்தரவை நிறைவேத்துற அமீனா வந்து வரப்புல நின்னப்பதான் எங்களுக்கு எதிரா தீர்ப்பாகியிருக்குன்னே தெரிஞ்சுது.

எக்ஸ் பார்ட்டே லத்தீன் வார்த்தை, ஒரு தரப்புல இருந்து மட்டும்னு அர்த்தம். இந்தத் தீர்ப்பை ரத்து பண்ண வழி இருக்கு, சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 9 ரூல் 13, ஆனா அதுக்கு 30 நாள்தான் டைம். அந்த 30 நாளும் அப்பா வெள்ளாமை பார்த்துட்டு இருந்தாரு. "நீங்க வராததால அவங்க சொன்னதை மட்டும் கேட்டு தீர்ப்பு போட்டுட்டாங்க, 30 நாளுக்குள்ள மனு போடணும்"னு ஒருத்தர் சொல்லியிருந்தா அன்னைக்கே பஸ் ஏறியிருப்பாரு.

எனக்கு ஆத்தாமையா இருக்கறது என்னன்னா, இந்த வார்த்தையை நமக்குக் கொடுத்த இங்கிலாந்துலயே 1999ல புது சிவில் விதிகள் வந்தப்ப எக்ஸ் பார்ட்டேயை எடுத்துட்டு "நோட்டீஸ் இல்லாம"ன்னு அர்த்தம் வர்ற சாதாரண இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டுட்டாங்க. நம்ம தாலுகா கோர்ட் வராண்டாவுல அது இன்னும் ஓடிட்டிருக்கு. தமிழ்ல ஒருதலைப்பட்சத் தீர்ப்புன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதைக் கேட்டா ஜட்ஜ் பாரபட்சமா நடந்துக்கிட்டாருன்னுதான் யாருக்கும் தோணும்.

நல்ல தமிழ் வார்த்தை வராதுன்னு இல்ல. ஹேபியஸ் கார்பஸை எடுத்துக்கோங்க, ஆட்கொணர்வு மனு, ஆளைக் கொண்டுவந்து நிறுத்துன்னு கேக்கறது, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும். எமர்ஜென்சியில 1976 மார்ச்ல கேரளாவுல ராஜன்னு ஒரு இன்ஜினியரிங் மாணவனை போலீஸ் புடிச்சிட்டுப் போச்சு, அவங்கப்பா ஈச்சர வாரியர் 1977ல கேரள ஹைகோர்ட்ல போட்டது இந்த மனுதான். பையனைக் கொண்டுவர முடியல, ஏன்னா அவன் உயிரோட இல்ல. ஆனா நாங்க புடிக்கவே இல்லன்னு அரசாங்கம் சொன்னது அந்த மனுவால உடைஞ்சுது, முதலமைச்சரா இருந்த கருணாகரன் பதவி விலக வேண்டியதாச்சு. அந்த வேலை செய்யற மனுவுக்கு நம்ம மொழியில இவ்ளோ நேரான பேர் இருக்கறது எனக்குப் பெருமைதான்.

அப்பா கேஸ்ல, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி லிமிடேஷன் சட்டம் 5வது பிரிவுல மனு போட்டோம், அம்மாவோட ஆஸ்பத்திரி பேப்பரெல்லாம் வச்சோம். வாதத்துல எங்க வக்கீல் ஆடி ஆல்ட்டரம் பார்ட்டெம்னாரு. எதிர்த்தரப்பையும் கேளுன்னு அர்த்தம். கோவலனை விசாரிக்காம வெட்டினதுல என்ன ஆச்சுன்னு தெரிஞ்ச ஊர் நம்முது, இதுக்கு லத்தீன் வேண்டியதே இல்ல. செலவுத்தொகை கட்டச் சொல்லி மனுவை அனுமதிச்சாங்க, அப்புறம் தீர்ப்பும் ரத்தாகி கேஸ் முதல்ல இருந்து நடக்குது.

இப்ப வாய்தாவுக்குப் போறப்ப அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துட்டுப் போறாரு. குமாஸ்தா ஒரு வார்த்தை சொன்னா, அதுக்கு என்ன அர்த்தம், எத்தனை நாள் டைம்னு கேட்டு அங்கயே எழுதிக்கிறாரு. போன வாரம் எழுதியிருந்தது "ஸ்டேட்டஸ் கோ - காடு இப்ப இருக்கற மாதிரியே இருக்கணும், அவங்களும் தொடக்கூடாது, நாமளும் தொடக்கூடாது".