தாத்தாவின் கடுப்பு

மாலை 6 மணிக்கு வருவார் என்று பலகையில் எழுதியிருந்த மருத்துவர் ஏழரை ஆகியும் வந்து சேராததால், உட்கார இடம் கிடைக்காமல் சுவரோரமாக நின்றிருந்தவர்களில் நானும் ஒருவன். நோயாளிகளின் பெயரையும் உபாதையையும் ஏட்டில் குறித்துக்கொண்டிருந்த இளம்பெண், எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம், "உங்களுக்கு என்ன பண்ணுது தாத்தா?" என்று கேட்டார்.

"ரெண்டு நாளா ஒரே கடுப்பும்மா."

"எல்லாருக்கும்தான் கடுப்பா இருக்கு தாத்தா. டாக்டர் வந்துட்டே இருக்கார், கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"பொறுக்க முடிஞ்சா நான் ஏம்மா இங்க வரேன்?"

"இதுக்கெல்லாம் டென்ஷன் ஆகாதீங்க. தண்ணி குடிங்க, சரியாயிடும்."

"எங்க வீட்லயும் அதைத்தான் சொல்றா. குடம் குடமாக் குடிச்சாலும் சொட்டுச் சொட்டாத்தானேம்மா போகுது!"

கூடம் முழுவதும் சிரித்தது. நீர்க்கடுப்போடு நின்ற அந்த மனிதருக்கு மட்டும் சிரிப்பதற்கான காரணம் விளங்கவில்லை.

இருவர் பேசியதிலும் பிழையில்லை. தேள் கொட்டிய இடம் கடுக்கும், சீதபேதி வந்தால் வயிறு கடுக்கும், வரிசையில் நின்றால் கால் கடுக்கும். உடம்பில் உளைந்துகொண்டே இருக்கும் இந்த வலியின் பெயரைத்தான் மனத்துக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தச் சொல் மனத்துக்குள் புகுந்தது நேற்றைக்கல்ல; "கடுத்தபின் தேற்றுதல் யார்க்கும் அரிது" என்னும் 693ஆம் குறளில், அரசன் ஐயம் கொண்டுவிட்டால் அவனைத் தெளிவிப்பது கடினம் என்று பொருள் சொல்வார்கள். (அதற்காக இன்றைய 'செம கடுப்பு'க்கு வள்ளுவரைப் பொறுப்பாக்க முடியாது.)

கோபமும் கடுப்பும் ஒன்றே என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. கோபம் ஆறும், தணியும், அடங்கும். கடுப்புக்கோ ஏறத்தான் தெரியும், 'கடுப்பு தணிந்தது' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கோபத்தை யாரிடமாவது கொட்டித் தீர்த்துவிடலாம். ஆனால், வராத மருத்துவர், நகராத வரிசை, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று முப்பதாவது முறையாகச் சொல்லும் தானியங்கிக் குரல் ஆகியவற்றிடம் கொட்டிப் பயனில்லை என்பதால், அது உள்ளேயே கிடந்து கடுக்கிறது. பொறாமை என்று ஒப்புக்கொள்ள மனம் வராதபோதும் இந்தச் சொல்தான் கை கொடுக்கிறது: உடன் படித்தவன் புது வீடு கட்டிக் குடிபோன படங்களைப் பார்த்துவிட்டு "கடுப்பா இருக்குடா" என்றால் யாரும் தவறாக எண்ணுவதில்லை, மாறாக "எனக்கும்தான்" என்று உடனே துணைக்கு ஆள் சேர்ந்துவிடும்.

இவ்வளவு உழைக்கும் சொல்லுக்கு எழுத்தில் மட்டும் மரியாதை கிடையாது. புகார்க் கடிதம் எழுத உட்கார்ந்தால் "மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானேன்" என்றுதான் பேனா ஓடுகிறது. உண்மையில் ஆனது என்ன என்பதை, கடிதத்தை உறையிலிட்டு ஒட்டும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறோம்.